முயல் கறி: லாபம் எங்கே, மோசம் எங்கே?

ஆட்டுக்கறிக் கடைக்குப் போகிறவர் இப்பொழுதெல்லாம் புறப்படும் முன் பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறார்.

ஒரு கிலோ வாங்கிய வீட்டில் அரைக் கிலோ. அரைக் கிலோ வாங்கிய வீட்டில் கோழி.

"வீட்டிலேயே நாலு முயல் வளர்த்தால் என்ன?" என்ற யோசனை பலருக்கும் வருகிறது. கூண்டுக்கு அதிக இடம் வேண்டாம். புல்லும் இலையும் தின்னும். சத்தம் போடாது.

யோசனை நல்லதுதான். ஆனால் முயல் வளர்த்துப் பிழைத்தவர்களும் உண்டு. கூண்டோடு பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு.

இருவருக்கும் என்ன வேறுபாடு? முயலில் வேறுபாடு இல்லை. முயலை வாங்குகிறவரிடம்தான் இருக்கிறது!

சாப்பிடுகிறவரை நம்பி முயல் வளர்த்தால் தொழில் நிற்கும். குட்டி வாங்கி வளர்க்கப் போகிறவரை மட்டும் நம்பி வளர்த்தால், தொழில் ஒரு நாள் கவிழும்.

ஏன் என்று பார்ப்போம். தென்காசி, குற்றாலம் பக்கத்தை வைத்தே பார்ப்போம்.

எந்த முயல்?

முதலில் ஓர் எச்சரிக்கை.

காட்டு முயல் வேறு. வளர்ப்பு முயல் வேறு. இரண்டும் ஓர் இனம் அல்ல. இரண்டும் சேர்ந்து குட்டி போடுவதும் இல்லை.

காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். உடம்பில் மயிர் இருக்கும். வளர்ப்பு முயலின் குட்டி கண் மூடி, மயிர் இல்லாமல், சிவந்த சதைத் துண்டுபோலப் பிறக்கும். பத்து, பன்னிரண்டு நாள் சென்றுதான் கண் திறக்கும்.

காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். வலை வைத்துப் பிடித்த முயலை வீட்டுக் கூண்டில் விட்டாலும் அது வளர்ப்பு முயல் ஆகிவிடாது.

கறிக்காக வளர்ப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சாதிகள். வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவை நம் நாட்டில் பழகிய பெயர்கள்.

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல நிலையம் 1965-ம் ஆண்டு முதல் நடக்கிறது. கறி முயல் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே உண்டு.

ஆனால் மன்னவனூர் குளிர் மலை. குளிரில் பிறந்த முயலைச் சித்திரை வெயிலில் தென்காசிக்குக் கொண்டுவந்தால் அது திண்டாடும். சமவெளியில் பிறந்து பழகிய முயலாகப் பார்த்து வாங்குவது நல்லது. மலையிலிருந்து வாங்கினால், வெயில் இல்லாத மாதத்தில் கொண்டுவர வேண்டும்.

வாரம் ஒரு கிலோ!

இப்போது கணக்குக்கு வருவோம். மூன்று பெண் முயல், ஓர் ஆண் முயல் என்று வைத்துக்கொள்வோம்.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஓர் ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டி வரை போடும்.

ஆண்டுக்கு எத்தனை ஈற்று? ஆறு, ஏழு என்று ஆசை காட்டுவார்கள். தாய் முயலின் உடம்பு தாங்க வேண்டாமா? கோடையில் சினை பிடிப்பதும் குறையும். ஆகவே நாலு ஈற்று என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

மூன்று முயலுக்கு நாலு ஈற்று வீதம் 12 ஈற்று. ஈற்றுக்கு 6 குட்டி வீதம் 72 குட்டி. 12 குட்டி இறந்துவிடும் என்று கழித்துவிடுவோம். மீதி 60.

நல்ல தீவனம் கிடைத்தால் குட்டி 12 வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு வரும். 60 குட்டிக்கு 120 கிலோ. தோல், தலை, குடல் போனால் பாதிதான் கறி. ஆக 60 கிலோ.

ஆண்டுக்கு 52 வாரம். ஆகவே வாரத்துக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்! ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆண்டு முழுவதும் இதில் நடந்துவிடும்.

கொழுப்புக் குறைந்த கறி. புரதம் ஐந்தில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது.

செலவு என்ன?

பெரிய முயலுக்கு நாள் ஒன்றுக்கு 100 கிராம் அடர் தீவனம் என்றால், நாலு முயலுக்கு ஆண்டுக்கு 146 கிலோ. ஒவ்வொரு குட்டியும் தாயைப் பிரிந்து கறிக்கு வரும் வரை இரண்டரைக் கிலோ தின்னும் என்று வைத்துக்கொண்டால், 60 குட்டிக்கு 150 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 300 கிலோ.

அதாவது ஒரு கிலோ கறிக்கு 5 கிலோ தீவனம். தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால், கறிக்கு அடக்கம் 150 ரூபாய். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கொஞ்சம் போட வேண்டும். கூண்டுச் செலவும் மருந்துச் செலவும் தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு பச்சைத் தீவனம் வீட்டிலேயே கிடைத்தால்தான் நிற்கும். எல்லாவற்றையும் மூட்டையாகக் கடையில் வாங்கிப் போட்டால் கறி விலை ஏறிவிடும்.

முயல் மசால்

பச்சைத் தீவனத்துக்கு எங்கே போவது?

அகத்தி, கல்யாண முருங்கை, வேலிமசால், குதிரை மசால் எல்லாம் முயல் விரும்பித் தின்னும். "முயல் மசால்" என்றே பெயர் கொண்ட தீவனப் பயிரும் இருக்கிறது! பெயரிலேயே முயல் இருப்பதால் மறக்க முடியாது. வேலி ஓரத்தில் பத்துப் பதினைந்து அகத்தி நட்டாலே பெரிய துணை.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் இலையும் மற்றத் தழையும் கழிவாகக் கிடைக்கும். அதைக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். முட்டைக்கோஸ் அதிகமானால் முயலுக்கு வயிறு உப்பிவிடும். பூச்சிமருந்து தெளித்த இலையும் ஆகாது.

தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்தில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் ஒதுக்க முடிந்தால், நாலு முயலை அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புகையிலைத் தூள் முயல் தீவனத்தில் கலக்கவே கூடாது. கூண்டு ஒரு பக்கம், பீடித் தட்டு ஒரு பக்கம் இருக்கட்டும்.

சாரல் நன்மையா, தீமையா?

குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் அடிக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருகிறது. "முயலுக்கு இதைவிட ஏற்ற ஊர் உண்டா?" என்று கேட்கலாம்.

பாதிதான் உண்மை.

முயலுக்கு வியர்க்காது. நீளமான காதுதான் அதற்கு விசிறி. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் அது வாடும். 35-ஐத் தாண்டினால் ஆபத்து. கடும் வெயிலில் ஆண் முயல் சில வாரங்களுக்கு மலடாகவும் ஆகிவிடும். அந்த வகையில் சாரல் குளிர்ச்சி ஒரு வரம்.

ஆனால் குளிர்ச்சியோடு ஈரமும் வருகிறதே!

மழையில் நனைந்த புல்லை அப்படியே போட்டால் முயலுக்குக் கழிச்சல் வரும். வயிறு ஊதும். கூண்டின் தரை ஈரமாக இருந்தால் இரத்தக் கழிச்சல் நோய் பரவும். குட்டிகள் கூட்டமாகச் சாகும். சொறி நோயும் வரும்.

இதற்குச் செய்ய வேண்டியது என்ன? புல்லை முந்திய நாளே அறுத்து, கொட்டகைக்குள் பரப்பி, வாடவிட்டுப் போட வேண்டும். கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். அடிப்பக்கம் கம்பி வலையாக இருந்தால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். சாரல் அடிக்கும் பக்கத்தில் படுதா தொங்கவிட வேண்டும். மற்றப் பக்கம் காற்று வர வேண்டும்.

கீழே விழும் புழுக்கை வீண் அல்ல. தென்னைக்கும் காய்கறிக்கும் நல்ல உரம்.

கிழக்கே போனால் கதை வேறு. சங்கரன்கோவில், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வெயில் ஊர். 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி நெல்லை மாவட்டத்தைப் பிரித்து தென்காசி மாவட்டம் தொடங்கப்பட்டது. மாவட்டம் ஒன்று. ஆனால் முயலுக்கு அதில் இரண்டு நாடு! மேற்கே ஈரத்தோடு போராட வேண்டும். கிழக்கே வெயிலோடு போராட வேண்டும். கிழக்கே இருப்பவர்கள் ஓலைக் கொட்டகையும் மர நிழலும் இல்லாமல் முயலைத் தொடக்கூடாது.

நாய், பூனை, கீரி, பாம்பு எல்லாம் முயலுக்கு எமன்கள். நாய் கடிக்கவே வேண்டாம். இரவில் கூண்டைச் சுற்றிக் குரைத்தாலே, பயத்தில் முயல் செத்துவிடுவது உண்டு.

இன்னொன்று. முயல் தன்னுடைய மெல்லிய புழுக்கையைத் தானே தின்னும். நோய் என்று பயப்பட வேண்டாம். அது அதன் இயல்பு. மாடு அசைபோடுவதுபோல அதற்கு அது ஒரு வழி.

காடை ஜெயித்தது எப்படி?

சீசன் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் பிரானூர் பார்டர் கடைகளைத் தேடி ஓடுகிறது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எல்லை போய்விட்டது. "பார்டர்" என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பரோட்டாவும் கோழியும் அங்கே பிரசித்தம். காடை வறுவலும் பிரசித்தம்.

காடை கிடைக்கிறது. முயல் ஏன் அப்படிக் கிடைக்கவில்லை?

இது சிந்திக்க வேண்டிய கேள்வி.

பண்ணைகளில் வளர்வது ஜப்பான் காடை. அது இந்தியாவுக்கு வந்தது 1974-ம் ஆண்டு. முட்டை 17, 18 நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்து வாரத்தில் தட்டுக்கு வந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு காடை என்று கொடுத்துவிடலாம். கடைக்காரருக்கு இன்று 50 வேண்டும், நாளை 50 வேண்டும் என்றால், பண்ணைக்காரர் தவறாமல் கொடுக்கிறார்.

முயலில் அது முடியவில்லை. சினைக்கு 31 நாள். வளர 84 நாள். மொத்தம் 115 நாள். ஒரு கடைக்கு நாள்தோறும் 10 முயல் வேண்டும் என்றால், மேலே சொன்ன வீட்டின் ஓர் ஆண்டு முயலும் ஆறே நாளில் தீர்ந்துபோகும்! ஏழாம் நாள் கடைக்காரர் என்ன செய்வார்? பலகையிலிருந்து முயல் கறியை அழித்துவிடுவார்.

ஆகவே தனி வீடு கடையை நம்பக்கூடாது. கடையும் தனி வீட்டை நம்பாது.

20 வீடுகள் சேர்ந்தால்? ஆண்டுக்கு 1,200 முயல். மாதத்துக்கு 100. நாளுக்கு மூன்று. இப்போது கடைக்காரரிடம் பேசலாம்!

சீசன் வியாபாரம் வேண்டுமானால் காலமும் பார்க்க வேண்டும். ஆனி மாதம் கறிக்கு வர வேண்டிய முயலை மாசி மாதமே இணை சேர்க்க வேண்டும். அப்போது வெயில் இன்னும் முற்றியிருக்காது. ஆண் முயலும் நல்ல நிலையில் இருக்கும். குட்டிகளைச் சித்திரை வெயிலில் காப்பாற்றிவிட்டால் சாரலில் விற்கலாம்.

"அண்ணாச்சி, பணம் போடுங்க!"

இனி மோசத்துக்கு வருவோம்.

"அண்ணாச்சி, ஒரு லட்சம் போடுங்க. முயலும் கூண்டும் நாங்க தாரோம். குட்டியை எல்லாம் நாங்களே நல்ல விலைக்குத் திருப்பி எடுத்துக்கிடுதோம். உங்களுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது!"

மோசம் இப்படித்தான் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும். முயல் என்று இல்லை. எந்தப் பிராணியின் பெயரைச் சொல்லியும் நுழையும்.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேளுங்கள். "எடுத்த குட்டியை நீங்கள் யாரிடம் விற்பீர்கள்?"

"கறிக்கு, இன்ன ஊரில், இன்ன கடைக்கு" என்று சொன்னால் விசாரித்துப் பார்க்கலாம். "புதிதாகப் பண்ணை தொடங்குகிறவர்களுக்கு" என்று சொன்னால் உஷார்!

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் முயல் ஆண்டுக்கு 20 குட்டி போட்டால் 10 பெண். அந்தப் பத்தும் மறு ஆண்டு 100 பெண் முயல். அடுத்து 1,000. அடுத்து 10,000. ஐந்தாம் ஆண்டு ஒரு லட்சம்! இத்தனையையும் வளர்க்கப் புதிது புதிதாக ஆள் வந்துகொண்டே இருக்க முடியுமா? ஒரு நாள் ஆள் வருவது நிற்கும். அன்று சங்கிலி அறும். கடைசியாகப் பணம் போட்டவர் கையில் கூண்டும் பசித்த முயலும்தான் மிஞ்சும்.

இது வெறும் கற்பனை அல்ல. ஈமு கோழியில் தமிழ்நாடு இதைக் கண்ணாரக் கண்டது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை என்று ஒரு நிறுவனம் இருந்தது. பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், மாதா மாதம் பராமரிப்புப் பணம் என்றார்கள். விளம்பரம் பறந்தது. ஜனங்கள் நகையை விற்றும் கடன் வாங்கியும் பணம் போட்டார்கள். 2012-ம் ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் மூடிவிட்டது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று. பிறகு நிறுவனத்தை நடத்தியவருக்குக் கோவைத் தனி நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பறவையின் மீது குற்றம் இல்லை. ஈமு கறியைச் சாப்பிட நம் ஊரில் ஆள் இல்லை. குஞ்சு வாங்க மட்டும்தான் ஆள் இருந்தது. அதுதான் வினை.

இப்படி ஏமாந்தவர்களுக்காக 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் போன பணம் முழுவதும் திரும்புவது அரிது. வரும்முன் காப்பதே நல்லது.

கொல்ல மனம் வருமா?

கணக்கில் அடங்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது மனசு.

2017-ம் ஆண்டு தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுவேலா நாட்டில் உணவுப் பஞ்சம். "வீட்டுக்கு வீடு முயல் வளருங்கள், கறி கிடைக்கும்" என்று அரசு முயல்களைக் கொடுத்தது. திரும்பப் போய்ப் பார்த்தால், ஜனங்கள் முயலுக்கு ரிப்பன் கட்டி, பெயர் வைத்து, படுக்கையில் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார்கள்! "இது செல்லப்பிராணி அல்ல, இரண்டரைக் கிலோ கறி" என்று மந்திரி டெலிவிஷனில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வேறா? கறிக்கு வளர்க்கிற குட்டிக்குப் பெயர் வைக்கக்கூடாது. தாய் முயலுக்கு வேண்டுமானால் பெயர் வைக்கட்டும். முதல் நாளே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மனம் ஒப்பாத வீட்டார் இந்தத் தொழிலில் இறங்காமல் இருப்பதே மேல். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சட்டத்திலும் ஒரு தடை வந்து போனது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ம் ஆண்டு விதிகளில் கறிக்குரிய பிராணிகளின் பட்டியலைச் சொன்னது. ஆடு, மாடு, பன்றி, கோழி இருந்தன. முயல் இல்லை! இதனால் கேரளத்தில் முயல் வளர்த்தவர்கள் தவித்துப்போனார்கள். பின்னர் வளர்ப்பு முயலுக்கும் வழி பிறந்தது. என்றாலும் வியாபாரமாகக் கறி விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ, உரிமமோ பெற வேண்டும்.

என்ன செய்யலாம்?

மூன்று பெண், ஓர் ஆண் என்று சிறிதாகத் தொடங்குங்கள். கடன் வாங்க வேண்டாம்.

ஆணும் பெண்ணும் ஒரே ஈற்றில் பிறந்ததாக இருக்கக்கூடாது. ஆறு மாதம் நிறைந்த பிறகே இணை சேருங்கள். பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் சண்டைதான்.

நோய் கண்டால் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நெல்லை ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருந்து கொடுத்த முயலை, டாக்டர் சொன்ன நாள் கழிந்த பிறகே கறிக்கு எடுக்க வேண்டும்.

முதல் ஆண்டு உங்கள் வீட்டுக்கு. இரண்டாம் ஆண்டு பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும். அவர்கள் ருசி பார்த்து, "இன்னும் உண்டா?" என்று கேட்டால் மூன்றாம் ஆண்டு இன்னும் இரண்டு கூண்டு போடுங்கள். கேட்காவிட்டால் போட வேண்டாம்.

சாப்பிடுகிற வாய் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பிறகு முயலை எண்ணுங்கள்!